ஜலசந்தியை நீந்தியவர்கள்: முதல் மாலை யாருக்கு?

ராமேசுவரம் தீவின் தென்கிழக்குக் கோடியில் இருக்கிறது தனுஷ்கோடி. அதையும் தாண்டிப் போனால் மணல் ஒடுங்கிக்கொண்டே வந்து ஒரு முனையில் முடிந்துவிடும். அதற்கு அரிச்சல்முனை என்று பெயர்.

முனையில் நின்று கிழக்கே பார்த்தால் கடல். கடலுக்கு அந்தப் பக்கம் இலங்கையின் தலைமன்னார். நடுவில் உள்ள தூரம் சுமார் 30 கிலோ மீட்டர். பழைய கணக்கில் 18, 19 மைல்.

இந்தக் கடலை அனுமன் ஒரே தாவாகத் தாவினான் என்பது ராமாயணக் கதை. கப்பலில் ஏறிக் கடந்தவர்கள் ஏராளம். சென்னை எழும்பூரில் ரயில் ஏறி, தனுஷ்கோடியில் கப்பல் மாறி, தலைமன்னாரில் மறுபடி ரயில் பிடித்துக் கொழும்பு போய்ச் சேருவார்கள். 1914-ம் ஆண்டு முதல் 1964 வரை அது நடந்தது.

கையையும் காலையும் மட்டும் நம்பி இறங்கியவர்களும் உண்டு. அவர்களில் பெரியவர் யார்? முதல் மாலையை யார் கழுத்தில் போடுவது?

ஓட்டுப் போட்டுத் தேர்வு

இந்த மாதிரி வழக்குக்கு அமெரிக்காவில் ஓர் ஏற்பாடு செய்திருக்கிறார்கள். அங்கே பேஸ்பால் என்று ஒரு பந்து விளையாட்டு. கிரிக்கெட்டுக்கு அது தூரத்து உறவு. அதில் சிறந்த ஆட்டக்காரர்களுக்காக கூப்பர்ஸ்டவுன் என்ற சின்ன ஊரில் ஒரு கீர்த்தி மண்டபம் கட்டி, 1939-ம் ஆண்டு திறந்தார்கள்.

மண்டபத்தில் இடம் பெறுவது சுலபம் அல்ல. அனுபவம் உள்ள பத்திரிகை நிருபர்கள் ஓட்டுப் போடுவார்கள். நூற்றுக்கு 75 ஓட்டுக் கிடைக்க வேண்டும். ஆட்டத்தை விட்டு விலகி 5 ஆண்டு ஆகியிருக்க வேண்டும். சூடு ஆறிய பிறகு நிதானமாக யோசிக்கட்டும் என்பது நோக்கம்.

1936-ம் ஆண்டு நடந்த முதல் தேர்தலில் ஓட்டுப் போட்டவர்கள் 226 பேர். பேப் ரூத் என்ற மகா சூரனுக்குக் கிடைத்த ஓட்டு 215. மிச்சம் 11 பேர் அவரை வேண்டாம் என்று விட்டுவிட்டார்கள்! எல்லா ஓட்டையும் ஒருவரே வாங்கியது 2019-ல்தான் நடந்தது. அவர் மரியானோ ரிவேரா.

இதில் இன்னொரு வேடிக்கை உண்டு. சீட்டையும் பகடையையும் வைத்துக் கற்பனையாகவே பேஸ்பால் பந்தயம் நடத்துகிறவர்கள் அங்கே இருக்கிறார்கள். அந்தக் கற்பனைப் பந்தயத்துக்கும் ஒரு கீர்த்தி மண்டபம் ஏற்படுத்தி, யாரைச் சேர்ப்பது என்று நிஜமாகவே மல்லுக்கு நிற்பார்கள்.

அப்படியானால், அரிச்சல்முனை மணலில் மனதுக்குள் ஒரு மண்டபம் கட்டிப் பார்ப்பதில் தப்பில்லை.

தொண்டைமானாற்றுக்காரர்

முதலில் வருகிற பெயர் நவரத்தினசாமி. யாழ்ப்பாணத்தில் தொண்டைமானாறு என்ற ஊர்க்காரர். 1954-ம் ஆண்டு மார்ச் மாதம் வல்வெட்டித்துறைக் கரையில் கடலில் இறங்கினார். இரவும் பகலும் நீந்தினார். 27 மணி நேரம் கழித்து இந்தியாவில் கோடியக்கரையில் ஏறினார்.

அவருக்கு முன்னால் இந்த ஜலசந்தியை நீந்திக் கடந்ததாகப் பதிவு பெற்றவர் யாரும் இல்லை. அவரே முதல் ஆள்.

இங்கே ராமநாதபுரத்துக்காரர் ஒருவர் குறுக்கே விழுந்து கேட்கலாம். “அவர் ஏறிய கரை கோடியக்கரை. அது நாகப்பட்டினம் பக்கம். நம் மண்டபத்தில் அவருக்கு என்ன வேலை?”

கேள்வி நியாயம் போலத் தோன்றும். தேசப்படத்தைப் பிரித்தால் அது தலைகீழாகத் திரும்பிவிடும். பாக் ஜலசந்தி என்பது சரியாகச் சொன்னால் கோடியக்கரைக்கும் யாழ்ப்பாணத்துக்கும் நடுவே உள்ள வாய். தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் நடுவே இருப்பது மணல் திட்டுகளின் வரிசை. ராமர் பாலம் என்றும், ஆதாம் பாலம் என்றும் சொல்வது அதைத்தான். அதற்கு வடக்கே பாக் விரிகுடா. தெற்கே மன்னார் வளைகுடா. ஆகவே தனுஷ்கோடியில் ஏறியவர்கள் எல்லோரும் விரிகுடாவின் ஓரத்தைக் கடந்தவர்கள். ஜலசந்தியையே கடந்தவர் தொண்டைமானாற்றுக்காரர்! தூரமும் ஏறக்குறைய இரண்டு மடங்கு.

(பாக்கு ஜலசந்தி என்றும் சிலர் எழுதுவார்கள். வெற்றிலை பாக்குக்கும் இதற்கும் சம்பந்தம் கிடையாது. சென்னையில் கவர்னராக இருந்த ராபர்ட் பால்க் என்ற வெள்ளைக்காரரின் பெயர் அது.)

“27 மணி நேரமா? இப்போது பத்தரை மணியில் ஒரு பையன் நீந்திவிட்டானே!” என்று சொல்வோர் இருப்பார்கள். 1875-ம் ஆண்டு இங்கிலீஷ் கால்வாயை முதன்முதலாக நீந்திக் கடந்தவர் கேப்டன் வெப். அவருக்கு 21 மணி 45 நிமிடம் பிடித்தது. இன்றைக்கு அதே கால்வாயை 7 மணி நேரத்துக்கும் குறைவாகக் கடந்திருக்கிறார்கள். அதற்காக வெப்பின் பெயரை யாரும் அழித்துவிடவில்லை. முடியாது என்று நினைத்த காரியத்தை முடியும் என்று காட்டியவர் அவர். நவரத்தினசாமியும் அப்படித்தான்.

முதல் மாலை நவரத்தினசாமிக்கு. இதில் அதிக வழக்கு இல்லை. தமிழ்நாட்டில் பலருக்கு அவர் பெயர் தெரியாது என்பதுதான் வருத்தம்.

வழக்கு இரண்டாவது மாலைக்குத்தான்.

கடலில் குதித்த பாரிஸ்டர்

மிகிர் சென் வங்காளி. புருலியாவில் 1930-ல் பிறந்தவர். 1950-ல் சட்டம் படிக்க இங்கிலாந்து போனார். அந்த ஆண்டு புளோரன்ஸ் சாட்விக் என்ற அமெரிக்கப் பெண் இங்கிலீஷ் கால்வாயை நீந்தினாள். அந்தச் செய்தி சென்னின் மனதில் தைத்தது. அப்போது அவர் பெரிய நீச்சல்காரர் கிடையாது. பலமுறை முயன்றார். பலமுறை தோற்றார். 1958 செப்டம்பர் 27 அன்று 14 மணி 45 நிமிடத்தில் கால்வாயைக் கடந்தார். கடந்த முதல் இந்தியர் என்று பேர் வாங்கினார்.

ஆசியாவிலேயே முதல்வர் என்றும் சிலர் சொல்வார்கள். அது சரி அல்ல. ஒரு மாதத்துக்கு முன்பே, அதே 1958 ஆகஸ்டில், கிழக்கு வங்காளத்து பிரோஜன் தாஸ் நீந்தி முடித்துவிட்டார்.

1966 ஏப்ரல் 5 அன்று மிகிர் சென் இலங்கைக் கரையில் இறங்கினார். இந்தியக் கடற்படைக் கப்பல்கள் கூடவே வந்தன. 25 மணி நேரத்துக்கு மேல் நீந்தி, மறுநாள் தனுஷ்கோடியில் ஏறினார்.

எப்படிப்பட்ட தனுஷ்கோடி! 1964 டிசம்பர் 22 இரவு புயல் அடித்துக் கடல் ஊருக்குள் புகுந்தது. பயணிகளோடு ஒரு ரயிலே போனது. ரயில் நிலையம், கோயில், மாதா கோயில், கடைத்தெரு எல்லாம் இடிந்து நின்றன. அது நடந்து ஒன்றேகால் ஆண்டுதான் ஆகியிருந்தது. இலங்கைக் கப்பல் வந்து நின்ற துறையில் கப்பல் இல்லை. அந்தப் பாழில் ஒரு மனிதன் கடலிலிருந்து நடந்து ஏறி வந்தான்.

சென் அதோடு நிற்கவில்லை. அதே ஆண்டில் ஜிப்ரால்டர் ஜலசந்தி, டார்டனல்ஸ், பாஸ்பரஸ், பனாமா கால்வாய் என்று ஒன்றன்பின் ஒன்றாக நீந்தினார். பனாமாவில் மட்டும் 34 மணி நேரத்துக்கு மேல். ஒரே ஆண்டில் ஐந்து! 1967-ல் பத்மபூஷண் விருது கொடுத்தார்கள்.

மிகிர் சென்னுக்காக வாதாடுகிறவர்களுக்கு இது போதும். ஆனால் ஒன்று யோசிக்க வேண்டும். பாக் கடலில் அவர் நீந்தியது ஒரு வழி. அந்தக் கணக்கைத் தனியாக எடுத்தால், அடுத்து வருகிறவர் அவரை மிஞ்சுகிறார்.

(கடைசிக் காலத்தில் சென் நினைவு மங்கும் நோயால் வாடினார். வசதியும் குறைந்தது. 1997 ஜூனில் இறந்தபோது அவரை மறந்திருந்தவர்களே அதிகம்.)

போனவர் திரும்பி வந்தார்

குமார் ஆனந்தன் வல்வெட்டித்துறைக்காரர். 1943-ல் பிறந்தார். அவரை “ஆழிக்குமரன்” என்றே ஜனங்கள் அழைத்தார்கள். ஆழி என்றால் கடல்.

1971-ம் ஆண்டு தலைமன்னாரில் இறங்கித் தனுஷ்கோடிக்கு நீந்தினார். வந்தவர் படகில் ஏறித் திரும்பவில்லை. வந்த வழியே நீந்தித் தலைமன்னாருக்கே போனார். மொத்தம் 51 மணி நேரம். இரண்டு பகல், இரண்டு இரவு தூக்கம் இல்லை என்று கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

ஆனந்தனுக்கு எதிராகச் சொல்கிற வாதம் ஒன்று உண்டு. அவர் எல்லாவற்றிலும் சாதனை செய்யப் பார்த்தார். ஒற்றைக் காலில் 33 மணி நேரம் நின்றார். 1979-ல் கொழும்பு விகாரமகாதேவி பூங்காவில் 187 மணி நேரம் நிற்காமல் சைக்கிள் விட்டார். ஏழு நாளைக்கு மேல்! “இது விளையாட்டா, வித்தை காட்டுவதா?” என்று முகம் சுளிப்பார்கள்.

தபசு செய்த அர்ச்சுனனும் ஒற்றைக் காலில்தான் நின்றான். அதனால் அவன் வில் வித்தை குறைந்துவிடவில்லை. சைக்கிளைப் பற்றி என்ன வேண்டுமானாலும் பேசலாம். 51 மணி நேரக் கடல் நீச்சல் வித்தை அல்ல.

1984 ஆகஸ்டில் ஆனந்தன் இங்கிலீஷ் கால்வாயில் இறங்கினார். பாக் கடல் வெதுவெதுப்பானது. அந்தக் கடல் எலும்பைத் துளைக்கும் குளிர். நீந்தும்போதே உயிர் பிரிந்தது. வயது 41.

இரண்டாவது மாலை ஆனந்தனுக்கு என்று சொல்லத் தோன்றும். ஆனால் 2021 ஏப்ரலில் இலங்கை விமானப் படையைச் சேர்ந்த ரோஷன் அபேசுந்தர அதே வழியில் போய்த் திரும்பினார். எடுத்துக்கொண்டது 28 மணி 19 நிமிடம். ஐம்பது ஆண்டு நின்ற சாதனை ஏறக்குறையப் பாதியாகிவிட்டது.

அப்படியானால் மாலையைக் கழற்றி அபேசுந்தரவுக்குப் போடலாமா?

நீவாடு என்ற எதிரி

இதற்குப் பதில் சொல்லக் கடலைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

ராமநாதபுரம் கரையில் மீனவர்கள் நீரோட்டத்தை “நீவாடு” என்பார்கள். மேலே பார்த்தால் கடல் தூங்குவது போல இருக்கும். அடியில் நீவாடு இழுத்துக்கொண்டு போகும். மணல் திட்டுகளின் இடுக்கில் அது இன்னும் வேகம். ஒரு பருவக்காற்றில் ஒரு பக்கம் ஓடும். காற்று மாறினால் ஓட்டமும் மாறும். அதனால்தான் இரண்டு பருவக்காற்றுக்கும் நடுவே, மார்ச், ஏப்ரல் மாதங்களைப் பார்த்து நீந்துகிறார்கள். பலர் நடுநிசிக்குப் பிறகு இறங்குவார்கள். வெயிலும் காற்றும் ஏறுவதற்குள் முடிந்த மட்டும் தள்ளிவிடலாம்.

எதிர் நீவாட்டில் மாட்டிக்கொண்டால் ஒரு மணி நேரம் நீந்தியும் இருந்த இடத்திலேயே இருக்க வேண்டியதுதான். சொறி மீன் மேலே பட்டால் உடம்பு தீப்பட்டது போல எரியும்.

விதியும் கடுமை. கூட வரும் படகை ஒரு விரலால் தொட்டாலும் ஆட்டம் முடிந்தது. சாப்பாடும் தண்ணீரும் கம்பியிலோ கயிற்றிலோ நீட்டுவார்கள். மிதந்துகொண்டே குடிக்க வேண்டும்.

1954-லும் 1971-லும் திசைகாட்டியையும் நட்சத்திரத்தையும் பார்த்துப் படகுக்காரர் வழி சொல்ல வேண்டும். கொஞ்சம் தப்பினால் மைல் கணக்கில் வீண் நீச்சல். இன்றைக்குச் செயற்கைக் கோள் உதவியால் படகு எங்கே நிற்கிறது என்று அடிக்கு அடி தெரிகிறது. நீவாடு எப்போது திரும்பும் என்றும் முன்கூட்டியே கணிக்கிறார்கள். பயிற்சி முறையும் உணவு முறையும் மாறிவிட்டன.

ஆகவே 51-ஐயும் 28-ஐயும் ஒரே தராசில் வைக்கக் கூடாது. அபேசுந்தர அபார நீச்சல்காரர். மண்டபத்தில் அவருக்கு இடம் உண்டு. மாலை மட்டும் ஆனந்தன் கழுத்திலேயே இருக்கட்டும். மூன்றாவது மாலை மிகிர் சென்னுக்கு.

பன்னிரண்டு வயதில்

குற்றாலீசுவரன் பெயரை 1994-ல் தமிழ்நாட்டில் கேட்காத வீடு கிடையாது. ஏப்ரல் மாதம், 12 வயதில், பாக் கடலை 16 மணி நேரத்தில் நீந்தினார். இலங்கையில் போர் நடந்துகொண்டிருந்த காலம் அது. அதே ஆண்டில் இங்கிலீஷ் கால்வாய் உள்பட ஆறு கடல் நீச்சல்கள். மிகிர் சென்னின் ஐந்து என்ற கணக்கு உடைந்தது. பிள்ளைகளின் பொது அறிவுப் புத்தகத்தில் பெயர் ஏறியது. பிறகு அர்ச்சுனா விருதும் கிடைத்தது.

அப்புறம்? நீண்ட தூர நீச்சலுக்கு ஒலிம்பிக்கில் அப்போது இடம் இல்லை. படகு, அனுமதி, வெளிநாட்டுப் பயணம் எல்லாவற்றுக்கும் பணம் வேண்டும். அதைத் தேடிக்கொண்டே இருப்பது ஒரு குடும்பத்துக்கு லேசான காரியமா? குற்றாலீசுவரன் நீச்சலை விட்டு இன்ஜினீயர் படிப்புக்குப் போனார். பிறகு அமெரிக்கா சென்றார்.

ஒரே ஆண்டு ஜொலித்தவரைச் சேர்க்கலாமா என்பது கூப்பர்ஸ்டவுனிலும் தீராத வழக்கு. அங்கே குறைந்தது 10 ஆண்டு ஆடியிருக்க வேண்டும் என்று விதி. அந்த விதி இங்கே பொருந்தாது. 12 வயதுப் பையனை ஆறு கடலில் இறக்கிவிட்டு, “இன்னும் ஒன்பது ஆண்டு நீந்து, பிறகு பார்க்கலாம்” என்று சொல்வது அநியாயம்.

ஆனால் இதில் ஓர் ஆபத்தும் இருக்கிறது. “மிகச் சிறிய வயது” என்பதற்கே மாலை என்றால், அடுத்த ஆண்டு இன்னும் சின்னக் குழந்தையைக் கூட்டி வருவார்கள். 2019-ல் தேனியைச் சேர்ந்த 10 வயதுச் சிறுவன் பத்தரை மணி நேரத்தில் நீந்தி வந்துவிட்டான். அது பெரிய சாமர்த்தியம்தான். அதற்கும் கீழே போகப் பெற்றோர்கள் போட்டி போட வேண்டியதில்லை. குற்றாலீசுவரனுக்கு இடம் கொடுப்பது வயதுக்காக அல்ல, ஆறு கடலுக்காக.

பெண்கள் வரிசை

2004-ல் வங்காளத்து பூலா சவுத்ரி தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்கு ஏறக்குறைய 14 மணி நேரத்தில் வந்தார். மிகிர் சென்னைவிட 11 மணி நேரம் குறைவு! அதற்கு முன்பே இங்கிலீஷ் கால்வாயை இரண்டு முறை கடந்தவர். 2008-ல் பத்மஸ்ரீ விருது பெற்றார்.

அடுத்தவர் ஐதராபாத்தைச் சேர்ந்த கோலி சியாமளா. நடுத்தர வயதில் நீச்சல் கற்றவர். 2021 மார்ச்சில் 47 வயதில் 13 மணி 43 நிமிடத்தில் கடந்தார். நாற்பதைத் தாண்டினால் மாடிப் படி ஏறவே மூச்சு வாங்குகிறது என்று அலுத்துக்கொள்ளும் ஆண்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

2022 மார்ச் 20 அன்று வந்தது ஜியா ராய் என்ற 13 வயதுப் பெண். மும்பையில் கடற்படை வீரர் ஒருவரின் மகள். பிறவியிலேயே ஆட்டிசம் என்ற குறை உள்ளவள். பேச்சு வராது. தலைமன்னாரிலிருந்து அரிச்சல்முனைக்கு 13 மணி 10 நிமிடம். இரவில், நடுக்கடலில், கை வலிக்கிறது என்றோ பயமாக இருக்கிறது என்றோ சொல்லத் தெரியாத பிள்ளை! அவள் கை வீச்சைப் பார்த்தே எல்லாவற்றையும் புரிந்துகொள்ள வேண்டும்.

ஐந்து ஆண்டு பொறுக்க வேண்டும் என்ற விதியை யார் விஷயத்தில் தளர்த்தினாலும் தளர்த்தாவிட்டாலும், ஜியா விஷயத்தில் தளர்த்தலாம்.

பதிவில் வராதவர்கள்

புயல் இரவில் பொங்கிய கடலை நீந்திப் பிழைத்தவர் என்று “நீச்சல் காளி”யைப் பற்றித் தனுஷ்கோடியில் சொல்வார்கள். அவர் நீந்தியதைக் கடிகாரம் வைத்துப் பார்த்தவர் யார்? எல்லாரும் உயிரைப் பிடித்துக்கொண்டு ஓடிய இரவு அது. பதிவு இல்லை என்று அவரைத் தள்ளிவிட்டால், சட்டப்படி சரிதான். கரைக்காரர்கள் ஒப்ப மாட்டார்கள்.

பாம்பன், சின்னப்பாலம் பக்கத்துப் பெண்கள் கடல் பாசி எடுக்க மூச்சை அடக்கி முங்குகிறார்கள். ஆண்டுக்கணக்கில் இதே வேலை. 2015-ல் சின்னப்பாலம் லட்சுமி என்பவருக்கு அமெரிக்காவில் சீகாலஜி அமைப்பின் பரிசு கிடைத்தது. பாசியை அளவோடு எடுத்துக் கடலைக் காத்ததற்கும், பாசி எடுக்கும் பெண்களின் உரிமைக்காக நின்றதற்கும் கிடைத்த கௌரவம் அது. நீச்சலுக்காக யாரும் அவர்களுக்குப் பதக்கம் கொடுப்பதில்லை. அவர்கள் நீந்துவது கூலிக்கு.

பிறகு படகுக்காரர்கள். 1974-ம் ஆண்டு ஒப்பந்தத்துக்குப் பிறகு கடலின் நடுவே எல்லைக் கோடு இருக்கிறது. இப்போது நீந்த வேண்டுமானால் இரண்டு தேசத்தின் அனுமதியும் வாங்க வேண்டும். ராமேசுவரத்தில் படகு பிடித்து, நீச்சல்காரரை ஏற்றிக்கொண்டு தலைமன்னார் பக்கம் போய், இறக்கிவிட்டு, கூடவே மெல்ல மெல்லத் திரும்பி வர வேண்டும். நீந்துகிறவரைவிட வேகமாகப் போகக் கூடாது. பின்தங்கவும் கூடாது. இடிக்கவும் கூடாது. நீவாடு எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பார்த்து, “கொஞ்சம் வடக்கே ஒதுங்கு” என்று கை காட்ட வேண்டும். 10 மணி நேரமானாலும் 25 மணி நேரமானாலும் அவருக்கும் தூக்கம் கிடையாது.

கரையில் ஏறியதும் நீச்சல்காரருக்கு மாலை போடுவார்கள். போட்டோ எடுப்பார்கள். படகுக்காரர் அந்த நேரத்தில் நங்கூரம் போட்டுக்கொண்டிருப்பார்.